இடது கால்

வலையிலிருந்து கொசு உள்ளான் குருவியை விடுவித்ததும் அவள் அதன் காலைத்தான் பார்த்தாள்.

வளையம் இடது காலில் இருந்தது.

கோடிக்கரை சரணாலயத்து முகாமில் பறவைகளுக்கு வலது காலில்தான் அடையாள எண் பொறித்த வளையம் மாட்டுவார்கள். அதை மாற்றிச் செய்தவன் ஒருத்தன்தான்.

வைரக்கண்ணு. அவள் புருஷன்.

பீச்சாங்கைக்காரன். பறவையை வலது கையில் பிடித்தால் அவனுக்குத் தோதாக வருவது இடது கால். அதிகாரிகள் திட்டுவார்கள். சிரிப்பான். மறுநாளும் அதே கதை. ஒரு காலத்தில் குழம்புக்காக உள்ளான் பிடித்த கை அது.

கல்யாணத்தில் மெட்டி போடவும் அந்தக் கையைத்தான் நீட்டினான். பெரியப்பா அதட்டினார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மெட்டியைக் கழற்றி ஐந்து வருஷமாகிறது. அவன் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள்.

பறவை உள்ளங்கையில் துடித்தது. ஒரு கவளம் சோற்றின் கனம்கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் சைபீரியாவுக்குப் போய்விட்டு, இந்தச் சேற்றுப் புழுவை நம்பித் திரும்பி வருகிறது. சேறு ஒரு வருஷம் வறண்டால் அத்தனை தூரம் பறந்ததும் வீண்.

"சேறு கெடக்குற வரைக்கும் வந்துரும் புள்ள," என்பான்.

அவள் நம்பியதில்லை.

உப்புத் தண்ணீர் வளையத்தைத் தின்றிருந்தது. எண்ணில் பாதியைக் காணோம்.

"ரொம்பத் தேஞ்சிருக்குக்கா. கழட்டிட்டுப் புதுசு மாட்டிருங்க," என்றாள் ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஜெனிபா, நோட்டை விரித்தபடி.

கழற்றிவிட்டால் இது எல்லாப் பறவையையும் போல ஒரு பறவை. அவன் கைபட்டது என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

கழற்றாமல் விட்டால் கூர்விளிம்பு காலை அறுத்துவிடும்.

குறடால் விரித்தாள். வளையம் மடியில் விழுந்தது. அன்றைக்கும் இப்படித்தான் அவள் காலைப் பிடித்து மெட்டியை உருவினார்கள்.

புது வளையத்தை எடுத்தாள்.

பறவையை வலது கைக்கு மாற்றினாள். பழகாத இடது கையில் குறடு நழுவப் பார்த்தது. நிதானமாக அழுத்தினாள்.

"அக்கா, கால் மாறிருச்சு பாருங்க."

"தெரியும்மா. எடதுன்னு எழுதிக்க."

கையை விரித்தாள்.

கொசு உள்ளான் சேற்றில் இறங்கியது. நாலு எட்டு ஓடி, அலகால் குத்தி, வந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.