சிவப்புப் பொட்டு வைத்த கூடு

ரைபிள் போட்டிக்குத் தோட்டா தயாரிக்க உட்கார்ந்த பூங்கோதை, ஏற்கெனவே சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை நகைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே எடை உள்ளவற்றின் அடியில் மட்டும் சிவப்பு நெயில்பாலிஷால் பொட்டு வைத்தாள். கடைசித் தோட்டாவுக்குத்தான் கூடு அமையவில்லை. எதிரே உட்கார்ந்து தன் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெயசீலன், மறுநாள் அவளோடு மோதப்போகிறவன், தன் டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தான்.

"அச்சு அசலா உங்க கூடுகளோட எடைங்க. வச்சுக்கங்க. ஆனா திருப்பித் தந்துடணும்."

போட்டியில் அவளுடைய கடைசிக் குண்டு அந்தக் கூட்டிலிருந்துதான் போனது. அதில்தான் அவனை ஜெயித்தாள். கைகுலுக்கிவிட்டு, சூடு ஆறாத கூட்டை நீட்டினாள். அவன் அதைத் தன் ரைபிளுக்குள் வைத்து, பின்புறத்தை மூடும் போல்ட்டைத் தள்ளினான். மூடவில்லை. சுட்டதில் பித்தளை விரிந்து, அவள் ரைபிளின் அளவுக்கு மாறியிருந்தது.

"ஒரு நாள்தான் உங்ககிட்ட இருந்துச்சு. பிறந்த வீட்டுக்குள்ள நுழைய மாட்டேங்குது பாருங்க" என்றான், கூட்டை வெளியே எடுத்தபடி.

"அச்சுல போட்டு இறுக்கினா பழையபடி ஆயிடும். செஞ்சு தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. அது சந்தோஷமாத்தான் இருக்கு."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து நெயில்பாலிஷை எடுத்து, அவன் கையில் பிடித்திருந்த கூட்டின் அடியில் பொட்டு வைத்தாள். பிரஷ்ஷில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கட்டைவிரல் நகத்திலும் ஒன்று வைத்தாள்.