எழுந்திரு எனேக்கோ

நெக்கானே வேனிலிருந்து இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

கொண்டை ஊசி வளைவு முழுக்கக் கூடாரங்கள், ஆரஞ்சுக் கொடிகள். பல நாள் ஓடும் சைக்கிள் பந்தயம் இன்று இந்த மலைவழியாக வருவதற்காக முந்தாநாளிலிருந்தே காத்துக் கிடக்கும் கூட்டம். யாரோ அடுப்பில் சொரிசோ இறைச்சித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தார்ச்சாலையில் ஒருத்தி மண்டியிட்டு, வெள்ளை பெயின்டால் தனக்குப் பிடித்த வீரனின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"எனேக்கோ எங்கே?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

"தூங்கறார்."

அவருக்கு உடம்பு முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் கைவிரித்தபோது, வீட்டுக்கு வேண்டாம், மலைக்குக் கூட்டிப் போ என்று மனைவி நெக்கானேயிடம் சொன்னவர்.

பக்கத்துக் கூடாரத்து மார்ச்செல் வேனை ஓங்கித் தட்டினான். வருஷாவருஷம் இதே வளைவில் எனேக்கோவோடு சண்டை போட்டுக்கொண்டே பந்தயம் பார்ப்பவன்.

"டேய் கிழவா, எழுந்திருடா. நேத்து உன் ஆளு பாதி மலையிலயே நாக்கு தள்ளிட்டான். அந்த வெக்கத்துல போர்வைக்குள்ள பூந்துக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெக்கானேயும் சிரித்துவைத்தாள்.

அவன் விடவில்லை. யார் வேன் பக்கம் வந்தாலும் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, உள்ளே பார்த்து இன்னொரு கிண்டல். பெயின்ட் அடித்தவள் நோயாளிக்கென்று சூப் கொண்டுவந்தாள். அதைப் பிடுங்கி அவனே குடித்தான்.

இவனுக்கு நேரங்காலமே கிடையாதா என்று நெக்கானே பல்லைக் கடித்தாள்.

மதியத்துக்கு மேல் பந்தயம் வந்தது. முன்னணி வீரர்கள் போய் வெகுநேரம் கழித்து, எனேக்கோவின் ஆள் வாயைப் பிளந்தபடி தனியாக ஏறி வந்தான். அவள் தொண்டை கிழிய அவன் பெயரைக் கத்தினாள்.

கடைசி வண்டியும் போய்விட்டது. கூட்டம் கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கியது. மார்ச்செல் மட்டும் வேன் கதவை விட்டு நகரவில்லை.

நெக்கானே அவனிடம் போனாள்.

"மார்ச்செல், எனேக்கோ..."

"தெரியும்," என்றான். "காலைல காபி குடுக்க வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். நீ அவன் கண்ணை மூடிக்கிட்டிருந்தே. வெளிய தெரிஞ்சிருந்தா பந்தயம் வர்றதுக்கு முன்னாடியே அவனைக் கீழ கொண்டுபோயிருப்பாங்க."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. காலையிலிருந்து கத்தியதில் குரல் போயிருந்தது.