இருநூறு ரூபாய் வாடிக்கையாளர்

முப்பது ரூபாய் காப்பிக்கு இருநூறு ரூபாய் டிப்ஸ் வைக்கிற மனிதன் தூத்துக்குடியில் இருக்கிறான் என்றால், ஒன்று அவன் பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை அவன் கடத்தல்காரனாக இருக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் பைத்தியம் மாதிரித் தெரியவில்லை.

தேவபிரசாதம் அப்படித்தான் முடிவு கட்டினார்.

அவர் 'ராயல் முத்து' ஹோட்டலின் முதலாளி. ஹோட்டல் உரிமையாளர் சங்கத்தின் தலைவர். கலெக்டர் கூட நீல மையில் கையெழுத்துப் போடலாம், இவர் பச்சை மையில்தான் போடுவார். தன் கையை விட்டுப் போகிற ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் வவுச்சரில் குறித்து ஃபைலில் கோத்து வைப்பது அவர் வழக்கம். சர்ச்சில் காணிக்கைத் தட்டுக்கும் வவுச்சர் நீட்டிப் பார்த்தவர், பாதிரியார்தான் மறுத்துவிட்டார்.

குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்தியபோது, சங்கத்தைக் கூட்டி அவர் ஆற்றிய உரை பிரசித்தம். "டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் போடுகிற மார்க்! மார்க் வாங்காதவனுக்குக் கூலி எதற்கு?" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன்படி ஊரில் உள்ள எல்லா ஹோட்டல்களிலும் சர்வர்கள் தங்களுக்கு வரும் டிப்ஸைக் கல்லாவில் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் காட்டினால் நூற்றைம்பது பேட்டா. காட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. சம்பளம் பழைய சம்பளமே.

அந்தப் பேட்டா இல்லையென்றால் சர்வர் ஃபிராங்க்ளினால் திரேஸ்புரத்து வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு மாதமாக அவன் ஒரு நாள் கூடத் தவறவில்லை. காரணம், மூன்று மணிக்கு வரும் அந்த ஆள். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். துறைமுகம் தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காப்பியை அரை மணி நேரம் குடித்துவிட்டு, சோம்புத் தட்டில் இருநூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போவான்.

கேஷியர் லீவு போட்டதால் இந்த வாரம் தேவபிரசாதமே கல்லாவில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில், ஃபிராங்க்ளின் காட்டிய நோட்டின் எண்ணையும் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை ஒரு எண். செவ்வாய்க்கிழமை அதே எண். புதன்கிழமையும் அதே எண்!

கடத்தல் கோஷ்டிகள் ரூபாய் நோட்டின் எண்ணை அடையாளச் சீட்டாக வைத்துச் சரக்கைக் கைமாற்றுவதாக அவர் பேப்பரில் படித்திருந்தார். கடல் அட்டையும் பீடி இலையும் சத்தமில்லாமல் இலங்கைக்குப் படகேறுகிற ஊர் வேறு.

"ஏலே ஃபிராங்க்ளின், யாருலே அந்தக் கூலிங் கிளாசு?"

"தங்கமான மனுசன் அண்ணாச்சி."

"ஒன்னயத் தேடி எதுக்கு வாரான்?"

"நம்ம சர்வீசு புடிச்சிருக்காம்."

"காப்பில ஈ கெடந்தா கூட எடுத்துப்போட மாட்டியேலே நீ! ஒனக்கு இருநூறா?"

ஃபிராங்க்ளின் மேஜை துடைக்கப் போனான். தேவபிரசாதம் போலீஸுக்குப் போன் போட்டார்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா சாதாரணச் சேலையில் வந்து உட்கார்ந்தார். முதலாளி ஒரு தட்டு முந்திரி மக்ரூனையும் தடிமனான ஃபைலையும் அவர் முன்னால் வைத்தார்.

"போன வருசத்துலேர்ந்து என் கைய விட்டுப் போன நோட்டு, இந்த வாரம் ஃபிராங்க்ளின் காட்டுன நோட்டு எல்லாம் இதுல இருக்கு மேடம். இதவிட என்ன ஆதாரம் வேணும்?"

மூன்று மணி. கூலிங் கிளாஸ் வந்தான், குடித்தான், சோம்புத் தட்டில் நோட்டை வைத்தான். அவன் எழுந்திருக்கும் முன்பே இன்ஸ்பெக்டர் தோளில் கை வைத்தார். கூலிங் கிளாஸ் கழன்று விழுந்தது.

"மேடம், அடிச்சிராதீங்க! நான் ஜெயகணேஷ். ரெண்டு தெரு தள்ளி இன்னொரு ஹோட்டல்ல சர்வர்."

ஃபிராங்க்ளின் ஓடி வந்தான். "இவன் மேல தப்பில்ல மேடம். மூணு மணிக்கு இவன் இங்கன வாரான். அஞ்சு மணிக்கு நான் அங்கன போய்க் காப்பி குடிச்சுட்டு இதே நோட்ட இவனுக்கு வச்சுட்டு வாரேன். ரெண்டு கல்லாவுலயும் காட்டிக்கிடுதோம். பேட்டாவுல காப்பிக்கு முப்பது போக, ஆளுக்கு நூத்திருவது மிஞ்சும்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மக்ரூன் தூள் புரையேறியது.

"சிரிக்காதீங்க மேடம்!" என்று குதித்தார் தேவபிரசாதம். "ரெண்டு மாசமா என் பேட்டாவக் கொள்ளையடிச்சிருக்கானுவ. கேஸ் போடுங்க! இவனுவளுக்கு ஊர்ல ஒரு ஹோட்டல்லயும் இனி வேலை கெடையாது. நான் சங்கத் தலைவர் சொல்லுதேன்!"

"பேட்டா இல்லேன்னா வீட்டு வாடகை குடுக்க முடியாது மேடம்," என்றான் ஃபிராங்க்ளின். இன்ஸ்பெக்டர் நோட்டைக் கையில் எடுத்தார்.

"ஏன்ப்பா, வாடகைக்குத் திண்டாடுற. இந்த இருநூறச் செலவழிக்காம எதுக்குச் சுத்த விட்ட?"

"செலவழிக்கத்தான் பாத்தேன் மேடம். பால் கடை, மருந்துக் கடை, பஸ் கண்டக்டர் ஒருத்தரும் வாங்க மாட்டேங்காங்க. கல்லாவுல காட்ட மட்டுந்தான் ஆகுது."

இன்ஸ்பெக்டர் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் சிரிப்பு நின்றது.

"இது கள்ள நோட்டு."

தேவபிரசாதம் மேஜையில் ஓங்கி அடித்தார். "நான் சொன்னேம்லா! கும்பல்! இது எங்கன இருந்து வந்துச்சுன்னு மொதல்ல கண்டுபுடிங்க மேடம். குடுத்தவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விடக் கூடாது!"

"விட மாட்டேன் சார்," என்ற இன்ஸ்பெக்டர், முதலாளி கொடுத்த ஃபைலையே பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனார். ஜூன், மார்ச், ஜனவரி... டிசம்பர் இருபத்து நான்கில் விரல் நின்றது.

'கிறிஸ்துமஸ் அன்பளிப்பு, ரூபாய் இருநூறு மட்டும், பெறுபவர் சர்வர் ஃபிராங்க்ளின்' என்ற வவுச்சரில், அதே நோட்டின் எண்ணை ஓர் இலக்கம் கூடப் பிசகாமல் எழுதி, அடியில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார் சங்கத் தலைவர்.