சீட்டில் வந்த பக்கம்

சீட்டைப் பிரித்தாள். எதிரணி.

மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தாள். எதிரணிதான்.

தலைப்பு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். பெண் பிள்ளைகளை வெளியூர் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கலாமா, கூடாதா. 'வைக்கலாம்' என்று பேசத்தான் அவள் உருப்போட்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, மொட்டை மாடியில் நடந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து. 'கூடாது' என்பதற்கும் நாலு குறிப்பு வைத்திருந்தாள், கடமைக்கு.

நகராட்சிப் பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கிற இலவசப் பேச்சுப் பயிற்சி அது. காசு கிடையாது, மதியம் தக்காளி சாதமும் உண்டு. சீட்டை மட்டும் மாற்றித் தரமாட்டார்கள். எந்தப் பக்கம் வந்தாலும் பேச வேண்டும், அப்போதுதான் நாக்கு பழகும் என்பார் பயிற்சி தருகிற துரைப்பாண்டி சார்.

இன்று கடைசி வகுப்பு. நன்றாகப் பேசுகிறவருக்குச் சென்னையில் மாநிலப் போட்டி.

இன்று பெற்றோரும் வரலாம்.

கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள்.

பிளஸ் டூ முடியப் போகிறது. அவள் கேட்கிற கல்லூரி மதுரையில் இருக்கிறது. சேர்ந்தால் விடுதியில்தான் தங்க வேண்டும். அப்பாவிடம் பேச்சை எடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். மாட்டேன் என்று சொன்னாலாவது சண்டை போடலாம். வாயே திறக்காத மனுஷரிடம் என்னத்தைப் பேசுவது?

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மகள் மேடையில் நின்று பேசினால் எழுந்து போக முடியாது. கேட்டுத்தானே ஆக வேண்டும்.

சாமர்த்தியக்காரிதான். சீட்டை மறந்துவிட்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஏனோதானோ என்று பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினாள். முதலில் அப்படித்தான் போயிற்று. நாலு குறிப்பும் தீர்ந்தன. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. முன்வரிசையில் ஒரு பையன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

கோமதி அக்கா விடுதிக்குப் போனது. காய்ச்சலில் படுத்தது. விடுதிக்காரர்கள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது. அப்பா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவோடு அவளுடைய வாளியையும் அப்பா எடுத்து வந்தார். சிவப்புப் பெயிண்டில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் வாளி. அந்த வாளித் தண்ணீரில்தான் இன்று வரை குளிக்கிறோம் என்றாள்.

வீட்டில் யாரும் வாயில் எடுக்காத கதை. அவள் உருப்போட்ட பேச்சிலும் அது இருந்தது. அங்கே வாளிக்குப் பிறகும் கொஞ்சம் உண்டு. அக்கா எதற்கு ஆசைப்பட்டுப் போனாள் என்று. பயந்து கதவைச் சாத்தினால் அந்த ஆசையையும் சேர்த்துப் புதைத்தது ஆகாதா என்று.

எதிரணியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. வாளியோடு நிறுத்தினாள்.

மண்டபத்தில் ஒரு நாற்காலி கூட அசையவில்லை. சார் மணியடிக்க மறந்துபோனார். கொட்டாவி விட்ட பையன் கண்ணைத் துடைத்தான். அவளுக்குள் வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் பொங்கியது.

பிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா தட்டவில்லை. ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதலிடம் அவளுக்குத்தான். சென்னைக்கு அனுப்பச் சம்மதம் கேட்டு சார் அப்பாவிடம் போனார். பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு, துணைக்கு டீச்சர் வருகிறார், ஒரே ஒரு ராத்திரிதான் தங்கல் என்றார். அப்பா அவரைக் கும்பிட்டார். அனுப்புவதற்கில்லை சார் என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

வண்டியில் ஏறியதும் அவள் சொன்னாள். அது சீட்டில் வந்த பக்கம், என் மனசில் இருப்பது அது இல்லை.

தெரியும் என்றார் அப்பா. வகுப்பு தொடங்கும்போதே சார் எல்லாருக்கும் விளக்கினாராம்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே பேசினார்.

"இத்தன வருசமா நெஞ்சுல கெடந்தது தாயி. எனக்குச் சொல்ல வரல. நீ சொல்லிட்ட."

கதை அங்கே முடியவில்லை அப்பா என்றாள்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மிச்சத்தைச் சொன்னாள். அக்காவின் ஆசை, சாத்திய கதவு, எல்லாவற்றையும். ஒரு சொல் பிசகவில்லை. ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

அப்பா இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார். எழுந்து போகவில்லை, குறுக்கே பேசவில்லை. அவள் இத்தனை நாளும் வேண்டியது இதைத்தான்.

ரயில் போய்விட்டது.

"இதுதான் தாயி போட்டிக்குப் பேசுற மாதிரி இருக்கு."

கோபமே இல்லை. பிரியமாகத்தான் சொன்னார்.

கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். அப்பா வண்டியைக் கிளப்பினார்.