முத்திரைக்கான இடம்

ஃபைலைத் திறந்ததும் கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே சுஜி மேடத்தின் முகம் மலர்ந்தது.

"இப்படித்தாம்மா கொண்டு வரணும். யார் அடுக்கினது?"

"அப்பா," என்றாள் அபிகாயில்.

பெயர் சொல்லவில்லை. அங்கே என் பெயரைச் சொல்லாதே, சிபாரிசு மாதிரி ஆகிவிடும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஃபைலின் மேல் 'அசல் சான்றிதழ்கள்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தார் அப்பா சுந்தர்சிங். உள்ளே எண் போட்ட பட்டியல். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். மாற்றுச் சான்றிதழ். நன்னடத்தைச் சான்றிதழ். பால்வாடியில் மூன்று மாதம் பயிற்சி எடுத்ததற்கான கடிதம். கடைசியில் டிப்ளமோ. ழகரம் வரும் இடத்தில் எல்லாம் அதன் வாலைக் கீழே இழுத்துக் கொக்கி போல மடக்கியிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்.

மணி பன்னிரண்டரை. இன்றுதான் கடைசி நாள்.

தாம்பரத்தின் இந்தச் சமுதாயக் கல்லூரியில் அவள் படித்தது ஒரு வருட டிப்ளமோ, மழலையர் கல்வி. அதையே முதல் வருடமாக எடுத்துக்கொண்டு, திருச்சியில் ஒரு கல்லூரி பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் இடம் கொடுத்திருந்தது. ஹாஸ்டலும் உண்டு.

கேட்டது ஒன்றுதான். டிப்ளமோவின் பின்பக்கத்தில் இந்த அலுவலகத்தின் முத்திரை. படிப்பை முடித்த மூன்று வருடத்துக்குள் அது விழ வேண்டும். மூன்று வருடம் இன்று மாலையோடு முடிகிறது.

முதல் இரண்டு வருடம் அம்மாவின் கட்டிலருகே போயிற்று. அம்மா போன பிறகு பீர்க்கன்கரணையில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்ந்தாள். உதவியாளர் வேலை. மூக்கைத் துடைத்துவிடுவாள், கழிப்பறைக்குக் கூட்டிப்போவாள். பாடம் நடத்தப் பட்டம் வேண்டும்.

விண்ணப்பம் போட்டபோது அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கூடம்மா பேசறது?"

அவள் விண்ணப்பத்தை மடித்து உறையில் போட்டாள். அவரும் மறுபடி கேட்கவில்லை.

போன வாரம் திருச்சியிலிருந்து கடிதம் வந்ததும் அவரே கடைக்குப் போய் ஃபைல் வாங்கி வந்தார். அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்.

சுஜி மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டி டிக் போட்டுக்கொண்டே வந்தாள். முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் அழுத்தினாள். டிப்ளமோவை எடுத்தாள்.

கை நின்றது.

"என்னம்மா இது, லேமினேஷன் போட்டு வச்சிருக்கீங்க?"

"மழையில நனையாம இருக்கும்னு..."

அப்பா சொன்ன காரணம்தான். சனிக்கிழமை ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு வந்தவர், பளபளவென்று அதைக் கையில் கொடுத்தார்.

சுஜி மேடம் டிப்ளமோவைத் திருப்பி ஓரத்தில் முத்திரையை வைத்து எடுத்தாள். வட்டம் விழுந்தது. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. நீலத் தீற்றல்தான் மிஞ்சியது.

"பாத்தியா? நிக்காது. பிரிச்சா எழுத்தும் சேர்ந்து வந்துடும்."

வரிசையில் பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, ஓட்டல் மெனு கார்டு மாதிரி பண்ணி வச்சிகீற! சீக்கிரம்க்கா, அவங்க சாப்டப் போயிருவாங்க."

யாரோ சிரித்தார்கள்.

"வேற வழியே இல்லையா மேடம்?"

"இதைக் கொடுத்துட்டு புது டிப்ளமோ வாங்கலாம். ரெண்டு மாசம் ஆகும்."

"இன்னிக்குத்தான் மேடம் கடைசி நாள்."

"தெரியுது. நான் என்னம்மா பண்ண? பிரின்சிபால்கிட்ட போனாலும் அந்தப் போர்டைத்தான் காட்டுவாரு. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. எழுதி வச்சவர் நல்லா இருக்கணும், எத்தனை பேர் அதைப் பாத்துட்டுத் தப்பிச்சிருக்காங்க!"

அபிகாயில் நிமிர்ந்தாள்.

ஜன்னலுக்கு மேலே தகரப் போர்டு. பள்ளிக்கூட விடுமுறையில், இங்கே வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு வரும்போதெல்லாம் அதன் கீழேதான் நின்றிருக்கிறாள். ஒருநாளும் படித்ததில்லை.

'லேமினேஷன் செய்த சான்றிதழ்களில் முத்திரை இடப்படாது.'

வெள்ளையில் கறுப்பு பெயின்ட். ழகரத்தின் வால் கீழே இழுத்து, கொக்கி போல மடங்கியிருந்தது.

சுஜி மேடம் காகிதங்களைத் திரும்ப அடுக்கினாள். மதிப்பெண் பட்டியல் வெறும் தாள். மாற்றுச் சான்றிதழ் வெறும் தாள். நன்னடத்தை, பயிற்சிக் கடிதம், எல்லாமே வெறும் தாள்.

பிளாஸ்டிக்குக்குள் இருந்தது ஒன்று மட்டும்.

போன் அடித்தது. அப்பா.

"சாதம் வடிச்சுட்டேம்மா. வந்துடு, சேர்ந்து சாப்பிடலாம்."

வேறெதுவும் அவர் கேட்கவில்லை.