கடைசி வரி வரைக்கும்

“லென்ஸெல்லாம் வேண்டாம் மேடம். இவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. படிக்கத்தான் உடம்பு வணங்கலை” என்றார் அப்பா.

பதினேழு வயது மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கருவிழி கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வரும் நோய் அவளுக்கு. ஆனால் இரண்டு வருடமாக, ஒவ்வொரு பரிசோதனையிலும் சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் பிசகாமல் வாசித்துவிடுகிறாள். பரீட்சையில் மட்டும் கேள்வித்தாள் தெரியவில்லை என்கிறாள். எல்லாம் சாக்குப்போக்கு என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

அன்றும் கடகடவென்று வாசித்தாள்.

லென்ஸ் பொருத்தும் நிபுணர், கையிலிருந்த கருவிழி ஸ்கேன் படத்தை மறுபடி பார்த்தார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மூன்றாவது வரியைத் தாண்டவே முடியாது. எழுந்து போய் அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள்.

“இப்ப வாசிம்மா.”

முதல் வரியைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். இரண்டாவது வரியில் எல்லாமே தப்பு.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் மனப்பாடம் பண்ணியா ஒப்பித்தாய், என்னை ஏமாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று பொரிந்து தள்ளினார். நிபுணர் அவரைக் கையமர்த்திவிட்டு லென்ஸ் பெட்டியைத் திறந்தார்.

முதல் லென்ஸ் கூம்பின் நுனியில் உரசியது. அடுத்தது, இமைத்ததும் நழுவியது. அவள் கண்ணீரைத் துடைத்துத் துடைத்து மறுபடி முகத்தைக் காட்டினாள். நான்காவது, சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தது. மறு கண்ணுக்கு இன்னும் அரை மணி நேரம்.

அவள் நிமிர்ந்தாள். புது எழுத்துகளை மெதுவாக, ஒவ்வொன்றாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டாள். தெருவிளக்கு, எதிர்மாடிக் கொடி, அதில் காயும் சட்டை எல்லாம் இதுவரை அவளுக்கு நாலைந்தாகத்தான் தெரிந்திருக்கின்றன.

“எல்லாம் ஒண்ணே ஒண்ணுதானா மேடம்?” என்றாள்.

அப்பாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டார்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் மறைச்சே?”

அவள் அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

“இது உங்க வழியா வந்திருக்கலாம்னு முதல்ல பார்த்த டாக்டர் சொன்னாரேப்பா. அதுக்கப்புறம் நான் ஒவ்வொரு தடவை எழுத்தைத் தப்பாச் சொல்லும்போதும், பின்னாடி உட்கார்ந்து ‘என்னாலதான், என்னாலதான்’னு முணுமுணுத்தீங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்ப்பா.”