இரண்டு வருட அட்டை

கணவன் வெர்னனோடு அமெரிக்காவின் ஓமஹா நகரக் குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள் மாரிவிக். அமெரிக்கனான அவனை மணந்ததால் கிடைத்த இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு அட்டையை நிரந்தரமாக்கும் நேர்காணல்.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட பிலிப்பைன்ஸ் போகலையா?"

"எப்படிப் போறது சார்? அம்மா ரெண்டு மாசம் படுத்த படுக்கையா கிடந்தாங்க. 'எப்ப வர்றே'ன்னு கேட்டுக்கிட்டே கண்ணை மூடிட்டாங்க. அடக்கத்தைப் போன்லதான் பார்த்தேன்."

"அப்பக்கூடவா போகலை?"

"இந்த அட்டையோட வெளியே போனா, திரும்ப உள்ளே விடமாட்டீங்களே!"

"யார் சொன்னது? தாராளமா போயிட்டு வந்திருக்கலாமே."

மாரிவிக் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"போனா நீ வராமலே இருந்துடுவியோன்னு பயந்துட்டேன்..." என்று முணுமுணுத்தான்.

அவளுக்கு எழுந்து அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அதிகாரி சற்றுத் தயங்கிவிட்டு அவளிடம் கேட்டார். "கடைசிக் கேள்வி. நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் மனசொத்துத்தான் குடும்பம் நடத்துறீங்களா?"

இல்லை என்றால் அட்டை போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஊரில் தம்பியின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாரிவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்மேல உயிரையே வெச்சிருக்கார் சார்."